ஓடையேறாத மீன்

1994ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டில் போட்டிருந்த ஒருவருக்கு, அந்த ஏரியில் இருக்கவே கூடாத மீன் ஒன்று சிக்கியது. கருமை கலந்த உடலில் வெளிறிய புள்ளிகள். ஆழமாகப் பிளந்த வால். பற்கள் நிறைந்த அகன்ற வாய். அது லேக் ட்ரவுட். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மீனியலாளர்கள் வலை போட்டுத் தேடினார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல வயதுடைய மீன்கள் கிடைத்தன. யாரோ கொண்டுவந்து விட்ட மீன் அங்கேயே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கிவிட்டது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஒரு ட்ரவுட் இருந்த ஏரியில் இன்னொரு ட்ரவுட் சேர்ந்தால் என்ன, மீன் மீன்தானே என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த ஏரியும், அதில் விழும் ஓடைகளும், ஓடைக்கரைக் கரடிகளும் பறவைகளும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கின்றன. ஒரு மீனின் இடத்தை இன்னொரு மீன் நிரப்பிவிடாது என்பதே அந்தப் பதில். இழந்த மீனை மீட்க மனிதர்கள் அங்கே எடுத்துவரும் முயற்சி, நன்னீர்ச் சூழலியலின் வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

ஏரியும் அதன் மீனும்

யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரப்பு 340 சதுர கிலோமீட்டருக்கு மேல். மிக ஆழமான இடத்தில் சுமார் 120 மீட்டர். டிசம்பரில் உறையும் நீர் மே மாதக் கடைசியில்தான் உருகும். இந்தக் குளிர்நீரில் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ஒரே ட்ரவுட் இனம் யெல்லோஸ்டோன் கட்த்ரோட். பொன்மஞ்சள் உடல், வாலை நோக்கி அடர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளிகள், கீழ்த்தாடையின் இருபுறமும் குங்குமத் தீற்றல். பனியுகத்தின் பனிப்பாறைகள் பின்வாங்கியபின், பசிபிக் பக்கமாக ஓடும் ஸ்நேக் ஆற்றிலிருந்து நீர்ப்பிரிமுகட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்த மீன் இது. டூ ஓஷன் கணவாய் என்ற இடத்தில் ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பசிபிக்கையும் மற்றது அட்லாண்டிக்கையும் நோக்கிப் போகிறது. அந்த வழியே மீன் ஏறி வந்திருக்க வேண்டும்.

கட்த்ரோட் ஏரியின் மேல்மட்ட நீரிலும் கரையோரத்திலும் வாழ்கிறது. மிதவையுயிரிகளையும், அடியில் ஊரும் சிறு ஓட்டுடலிகளையும், பூச்சிகளையும் தின்கிறது. பனி உருகும் மே மாதத்திலிருந்து ஜூலை வரை முட்டையிடுவதற்காக ஓடைகளில் ஏறுகிறது. ஏரியில் விழும் ஓடைகள் நூற்றுக்கு மேல். அவற்றில் பாதியளவு கட்த்ரோட்டுக்குப் பேறுகால வீடு. முழங்கால் அளவுகூட இல்லாத நீரில், முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, கூழாங்கற்களுக்கு மேல் பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலை அடித்து அடித்துக் குழி பறிக்கும். ஆண்மீன் அருகில் ஒட்டி நிற்கும். சினை விழுந்ததும் பெண்மீன் நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று முன்னே போய் மறுபடி வாலடித்துக் கற்களைத் தள்ளிக் குழியை மூடும். ஏரியில் பல மாதம் தின்று சேர்த்த கொழுப்பும் புரதமும் இப்படி ஒரு கோடைக்குள் காட்டின் நடுவே வந்து சேர்ந்துவிடும்.

கிளியர் க்ரீக் என்ற ஒரே ஓடையில் மட்டும் 1978இல் 70,000க்கு மேற்பட்ட கட்த்ரோட்கள் ஏறியதாகப் பூங்காவின் கணக்கெடுப்பு சொல்கிறது. குளிர்கால உறக்கம் முடிந்து வயிறு ஒட்டிப்போன கிரிஸ்லி கரடிகளுக்கு அது கைக்கெட்டிய விருந்து. விராலடிப்பான்களும் வெண்தலைக் கழுகுகளும் மேலிருந்து பாய்ந்தன. நீர்நாய்கள் குட்டிகளோடு ஓடை முகத்தில் காத்திருந்தன. மிஞ்சிய எலும்பும் எச்சமும் கரையோர மண்ணுக்கு உரமாயின.

வாளியில் வந்த வினை

லேக் ட்ரவுட்டின் பூர்வீகம் கனடாவும் அமெரிக்காவின் பெரும் ஏரிகளும். 1890இல் அமெரிக்க மீன்வள ஆணையம் அதைக் கொண்டுவந்து, யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள்ளேயே உள்ள லூயிஸ், ஷொஷோனி ஏரிகளில் விட்டது. அந்த ஏரிகளில் அதுவரை மீனே கிடையாது. மீனில்லாத நீர் வீணாகும் நீர் என்று நம்பிய காலம் அது. இதேபோல ஆங்கிலேயர்கள் நீலகிரியின் ஓடைகளுக்கும் ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணையும் அமைத்தார்கள்.

லூயிஸ் ஏரியிலிருந்து யெல்லோஸ்டோன் ஏரிக்கு லேக் ட்ரவுட் எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி சொன்னது மீனின் தலைக்குள் இருந்த ஒரு சிறு கல். எலும்பு மீன்களின் உட்செவியில் சுண்ணாம்பாலான செவிக்கல் உண்டு. மரத்தில் ஆண்டு வளையம் சேர்வதுபோல் இதிலும் அடுக்கடுக்காக வளர்ச்சி சேரும். மீன் வாழும் நீரில் கரைந்துள்ள ஸ்ட்ரான்சியம் அந்தந்த ஆண்டின் அடுக்கில் பதிந்துவிடும். இரண்டு ஏரிகளின் நீரிலும் ஸ்ட்ரான்சியம் அளவு வேறு வேறு. மொன்டானா ஆய்வாளர்கள் செவிக்கற்களை மெல்லிய சீவலாக அறுத்து, நடுவிலிருந்து விளிம்புவரை புள்ளி புள்ளியாக அளந்தார்கள். யெல்லோஸ்டோன் ஏரியிலேயே பிறந்த மீன்களின் கல்லில் அளவு சீராக இருந்தது. சில மீன்களில் மட்டும் ஏதோ ஓர் ஆண்டு வளையத்தில் அளவு சட்டென்று மாறியிருந்தது. அந்த மீன்கள் லூயிஸ் ஏரியில் பிறந்து, வளர்ந்த பிறகு இடம் மாறியவை. வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 1980களின் பிற்பகுதியிலேயே இந்த மாற்றம் தொடங்கியிருந்தது. இரண்டு ஏரிகளும் நீர்ப்பிரிமுகட்டின் இரு பக்கங்களில் இருப்பவை. மீன் தானாக நீந்தி வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. யாரோ வாளியில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதே பொருந்தும் விளக்கம்.

ஆழத்தில் வாழ்வதன் விளைவு

லேக் ட்ரவுட் பல பத்தாண்டுகள் வாழும். பெரிய பெண்மீன் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த மீன் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள கட்த்ரோட்டை அப்படியே விழுங்கிவிடும். 1990களில் வயிற்றை அறுத்துப் பார்த்தும், மீனின் ஆற்றல் தேவையைக் கணக்கிட்டும் ஆய்வாளர்கள் கண்டது இது: சராசரியாக ஒரு லேக் ட்ரவுட் ஆண்டுக்கு 41 கட்த்ரோட்களைத் தின்கிறது. இவ்வளவு பெரிய மீன்தின்னியை கட்த்ரோட் தன் வரலாற்றில் அங்கே கண்டதில்லை. அதற்கேற்ற தப்பும் பழக்கம் அதனிடம் இல்லை.

விளைவு வேகமாக வந்தது. பிரிட்ஜ் க்ரீக் ஓடையில் 1999இல் 2,363 கட்த்ரோட்கள் ஏறின. 2004இல் ஏறியது ஒன்றே ஒன்று. எழுபதாயிரம் கண்ட கிளியர் க்ரீக்கில் 2006, 2007 ஆண்டுகளில் சில நூறு மீன்களே எஞ்சின. லேக் ட்ரவுட் மட்டும் காரணமில்லை. சுழல்நோய் எனப்படும் ஒட்டுண்ணி நோய் 1998இல் இந்த ஏரியின் மீன்களில் கண்டறியப்பட்டது. பெலிக்கன் க்ரீக் ஓடையின் மீன்வரத்தை அது ஏறத்தாழ அழித்தது. அடுத்தடுத்து வந்த வறட்சி ஆண்டுகளில் சிறு ஓடைகள் ஏரியைத் தொடுமுன்பே வற்றின, குஞ்சுகள் திரும்ப வழியில்லாமல் மாண்டன. ஆனாலும் ஏரி முழுவதும் ஒருசேர நடந்த வீழ்ச்சியின் முதல் காரணம் லேக் ட்ரவுட்தான்.

ஏரியில் அப்போதும் ட்ரவுட் நிறைய இருந்தது. ஆனால் அது கரடிக்கும் பறவைக்கும் எட்டாத ட்ரவுட். லேக் ட்ரவுட் ஆழ்நீரில் வாழ்கிறது. முட்டையிட ஓடைக்குப் போவதில்லை. இலையுதிர் காலத்தில் ஏரிக்குள்ளேயே பாறைச் சரிவுகளின் மேல் முட்டைகளைத் தூவிவிடும். விராலடிப்பான் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்குள் வரும் மீனைத்தான் பிடிக்க முடியும். ஓடைக்கே வராத மீனால் கரடிக்குப் பயனில்லை. ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே ஆண்டுதோறும் நடந்த கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது.

1987 முதல் 1991 வரை ஏரியைச் சுற்றி ஆண்டுக்குச் சராசரியாக 38 விராலடிப்பான் கூடுகள் இருந்தன. 2013 முதல் 2017 வரை அது மூன்றாகிவிட்டது. வெண்தலைக் கழுகுகள் மீனை விட்டு நீர்ப்பறவைகளின் மேல் திரும்பின. ஓடைகளில் கரடித் தடம் அருகியது. அதே காலத்தில் எல்க் மான் கன்றுகளைக் கரடிகள் வேட்டையாடுவது அதிகரித்தது. கரடிகளின் எண்ணிக்கையே அப்போது கூடிவந்ததால் முழுப்பழியையும் மீன்மேல் போட முடியாது. ஆனால் மீன் இல்லாமற்போனது அதில் ஒரு பங்கு என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏரியின் ஆழத்தில் விடப்பட்ட ஒரு மீன், மலைமேல் மேயும் மானின் கன்றுவரை தொட்டிருக்கிறது.

நீருக்குள்ளும் இப்படித்தான். மிதவையுயிரிகளைத் தின்ற கட்த்ரோட் குறைந்ததும் பெரிய உடல்கொண்ட மிதவையுயிரிகள் பெருகின. அவை பாசியை அதிகம் மேய்ந்தன. பாசி குறைய, ஏரிநீர் முன்னைவிடத் தெளிந்தது. படகில் போகிறவர் அந்தத் தெளிவைப் பார்த்து ஏரி நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கலாம். உணவுச்சங்கிலி அறுந்ததன் அடையாளம் அது.

தானாகச் சரியாகிவிடாதா?

இரை குறைந்தால் வேட்டைமீனும் பட்டினியால் குறையும், இயற்கை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று நினைப்பது இயல்பு. யெல்லோஸ்டோன் ஏரியில் அது நடக்கவில்லை. கட்த்ரோட் அரிதானதும் லேக் ட்ரவுட்கள் சிறு ஓட்டுடலிகளைத் தின்னத் தொடங்கின. தம் இனக்குஞ்சுகளையும் தின்றன. இரை இனம் அழிவின் விளிம்பில் நிற்கும்போதும் வேட்டை இனம் வேறொன்றைத் தின்று உயிர் பிழைத்திருக்கும். நாலு கட்த்ரோட் தலையெடுத்தால் மீண்டும் அதன்மேல் பாயும். கையைக் கட்டிக்கொண்டிருந்தால் கட்த்ரோட் மீள்வதற்கு வழியே இல்லை.

நஞ்சிட்டு முழுதாக ஒழிக்கலாமா? கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் அதைச் செய்தார்கள். அங்கே 1994இல் வடக்குப் பைக் என்ற வேட்டைமீன் கண்டறியப்பட்டது. அது ஆற்று வழியே சாக்ரமென்டோ கழிமுகம்வரை போய்விட்டால் சால்மன்களின் கதி என்னவாகும் என்ற அச்சத்தில் 1997இல் ரோட்டினோன் கலந்தார்கள். சில வெப்பமண்டலச் செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் மீன்நஞ்சு அது. போர்ட்டோலா நகரத்துக்குக் குடிநீர் தந்த ஏரி. மக்கள் கொதித்தெழுந்தார்கள், மாநில அரசு இழப்பீடு தர நேர்ந்தது. 1999இல் பைக் மறுபடி தென்பட்டது. 2007இல், இம்முறை ஊர்மக்களோடு நெடுநாள் கலந்து பேசிவிட்டு, திரும்ப நஞ்சிட்டார்கள். அதன்பின் அங்கே பைக் இல்லை. ஆனால் யெல்லோஸ்டோன் ஏரி அதைவிடப் பன்மடங்கு பெரியது, மிக ஆழமானது. அங்கே கலக்கும் நஞ்சு காப்பாற்ற வேண்டிய கட்த்ரோட்டையும் சேர்த்தே கொன்றுவிடும். எனவே எஞ்சியது ஒரே வழி: வலை.

வலையும் கணக்கும்

1990களின் நடுவிலிருந்தே பூங்கா ஊழியர்கள் செவுள்வலை போட்டு லேக் ட்ரவுட்டைப் பிடித்துவந்தார்கள். பிடிபடும் மீன் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. அது வெற்றிபோல் தெரிந்தது. ஆனால் ஏரிக்குள் மீன் அதைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. வட்டியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் வளர்வதுபோல, பிறக்கும் அளவுக்கும் குறைவாகப் பிடித்ததால் தொகை ஏறிக்கொண்டே போனது. 2008இல் வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அறிவியலாளர் குழு கணக்கைப் பரிசீலித்து, பிடிப்பைப் பல மடங்கு உயர்த்தினாலொழியப் பயனில்லை என்றது. மறு ஆண்டே தொழில்முறை மீனவர்கள் வந்தார்கள். பெரும் ஏரிகளில் தலைமுறை தலைமுறையாக வலைவீசிப் பழகியவர்கள் அவர்கள்.

பனி உருகியதிலிருந்து அக்டோபர்வரை படகுகள் தினமும் போகின்றன. எந்த ஆழத்தில் எந்த அளவுக் கண்ணி என்பதில்தான் நுட்பம் முழுதும். கட்த்ரோட் பெரும்பாலும் மேல்நீரில் இருப்பதால் வலைகளை ஆழத்தில் இறக்குகிறார்கள். இளமீன்களுக்குச் சிறு கண்ணி, முட்டையிடக் கூடும் பெருமீன்களுக்கு இலையுதிர் காலத்தில் பெரிய கண்ணி. உருளையில் சுற்றி மேலேறும் வலையிலிருந்து ஒவ்வொரு மீனையும் கையால் கழற்றி, அளந்து, காற்றுப்பையைக் குத்திவிட்டு ஆழ்நீரிலேயே போடுகிறார்கள். காற்றுப்பை உடைந்தால் மீன் மிதக்காமல் அடிக்குப் போய்ச் சேரும். ஏரி கொடுத்த ஊட்டம் ஏரிக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம்.

மீன்கள் எங்கே கூடுகின்றன என்று அறிய, பிடித்த சிலவற்றின் வயிற்றுக்குள் ஒலிக்கருவி பொருத்தி உயிரோடு விடுகிறார்கள். கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் அவற்றுக்குக் களப்பணியாளர்கள் வைத்த பெயர் யூதாஸ் மீன்கள். தூண்டில்காரர்களுக்கும் பங்குண்டு: கட்த்ரோட் சிக்கினால் உயிரோடு விட வேண்டும், லேக் ட்ரவுட் சிக்கினால் கொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவு. அரசும் நன்கொடையாளர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். இதுவரை 40 லட்சத்துக்கு மேற்பட்ட லேக் ட்ரவுட்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன.

வலையில் விழாத சிறு பருவத்தையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. லேக் ட்ரவுட் முட்டையிடுவதாக உறுதிசெய்யப்பட்ட இடங்கள் பதினான்கு. அவற்றின் மொத்தப் பரப்பு ஏரியில் 0.03 சதவீதம்தான். பாறை இடுக்குகளில் விழும் முட்டைகள் குளிர்காலம் முழுதும் அங்கேயே கிடக்கும். முதலில், பிடித்த மீன்களின் உடல்களையே அரைத்து அந்தப் பாறைகள்மேல் கொட்டினார்கள். அவை அழுகும்போது இடுக்குகளில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்து கருக்கள் மடிந்தன. பிறகு சோயாவாலும் கோதுமைப் புரதத்தாலும் செய்த உருண்டைகளால் அதையே சாதித்தார்கள். 2019இல் ஏரியிலுள்ள கேரிங்டன் தீவை ஒட்டிய முட்டைத்தளம் முழுவதிலும் ஹெலிகாப்டரிலிருந்து இந்த உருண்டைகளைத் தூவினார்கள். நஞ்சு எதுவும் இல்லாமல், சிதைவின் வேதியியலை மட்டும் துணைக்கு அழைத்துச் செய்த வேலை இது.

பலன் தெரிகிறது. பெரிய லேக் ட்ரவுட்கள், அதாவது அதிகம் தின்பவையும் அதிகம் முட்டையிடுபவையும், வெகுவாகக் குறைந்துவிட்டன. இளம் கட்த்ரோட்கள் ஆய்வு வலைகளில் மீண்டும் தென்படுகின்றன. வெறுமையாய்க் கிடந்த சில ஓடைகளில் மீன் ஏறுகிறது. எழுபதாயிரம் ஏறிய காலம் திரும்பவில்லை. ஆனால் வீழ்ச்சி நின்று ஏற்றம் தொடங்கியிருக்கிறது.

எது குற்றவாளி, எது பூர்வகுடி

லேக் ட்ரவுட்டைக் கெட்ட மீன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதன் தாயகமான பெரும் ஏரிகளில் இதே மீன்தான் மீட்கப்பட வேண்டிய இனம். வெல்லண்ட் கால்வாய் வழியே நயாகரா அருவியைத் தாண்டி மேல் ஏரிகளுக்குள் நுழைந்த கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன், லேக் ட்ரவுட்டின் உடலில் வாயை ஒட்டிக் குருதியை உறிஞ்சியது. மிகைப்பிடிப்பும் சேர, 1940களிலும் 50களிலும் அங்கே லேக் ட்ரவுட் பெருமளவு அழிந்தது. லாம்ப்ரே புழுப்பருவத்தில் வாழும் ஓடைகளில் 1958 முதல் அதற்கென்றே தேர்ந்தெடுத்த நஞ்சை இட்டுவருகிறார்கள். கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அந்தப் பணி சுருங்கியது. உடனே லாம்ப்ரே எண்ணிக்கை ஏறியது. அறுபது ஆண்டுக் கட்டுப்பாடும் ஓரிரு ஆண்டுச் சுணக்கத்தைத் தாங்கவில்லை.

அயர்லாந்தின் மேற்கு ஏரிகள் இன்னொரு பாடம் சொல்கின்றன. கோரிப், மாஸ்க் முதலிய ஏரிகளில் காட்டு பிரவுன் ட்ரவுட்டைக் காக்க, 1950கள் முதல் பைக் மீன்களை வலைபோட்டும் மின்சாரம் பாய்ச்சியும் எடுத்துவந்தார்கள். பைக் இடைக்காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்த வந்தேறி என்பது அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. 2013இல் வெளியான மரபணு ஆய்வு, பைக் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தானாகவும் வந்திருக்கலாம் என்றது. அன்றுமுதல் ட்ரவுட் பிடிப்பவர்களுக்கும் பைக் பிடிப்பவர்களுக்கும் இடையே வாதம் ஓயவில்லை. அங்கே ஏரிகளைக் கெடுப்பதில் பண்ணைக் கழிவுக்கும் நீர்மாசுக்கும் பங்குண்டு. அவற்றைத் தொடாமல் பைக்கை மட்டும் பிடித்தால் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்திடுவதாகும்.

எனவே ஓர் ஏரியில் வேட்டைமீனைக் குறைக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்த மீன் அங்கே எப்படி வந்தது? ட்ரவுட்டின் வீழ்ச்சிக்கு அதுதான் முதன்மைக் காரணமா? பிறக்கும் வேகத்தைவிட வேகமாக, நிறுத்தாமல், அதை எடுக்க நம்மிடம் ஆளும் பணமும் பொறுமையும் உண்டா? யெல்லோஸ்டோனில் மூன்றுக்கும் விடை கிடைத்தது. முதல் இரண்டுக்கு ஆய்வு விடை தந்தது; மூன்றாவதற்கு ஒவ்வோர் ஆண்டும் படகை இறக்கித்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரியிலிருந்து கடைசி லேக் ட்ரவுட்டை எடுத்துவிட முடியும் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்த்ரோட் ஓடையேறும் அளவுக்கு அதை அடக்கிவைப்பதே இலக்கு, அதற்கு முடிவுத் தேதி கிடையாது.

லட்சக்கணக்கில் மீனைக் கொன்றா இயற்கையைக் காப்பது என்ற தயக்கம் நியாயமானது. கொல்கிறவர்களுக்கும் அந்தத் தயக்கம் இருக்க வேண்டும். இருந்தால்தான் கணக்கைச் சரிபார்ப்பார்கள், கட்த்ரோட் வலையில் விழாதபடி ஆழத்தைத் திருத்துவார்கள். ஆனால் கை வைக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவின் விலையைக் கட்த்ரோட்டும் விராலடிப்பானும் கரடியும் கொடுத்திருக்கும். ஒரு வாளி மீனை ஏரியில் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும். அதைத் திரும்ப எடுக்க முப்பது ஆண்டும் கோடிக்கணக்கான டாலரும் போதவில்லை. மீனை இடம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டங்கள் கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்கும், தூண்டில் பிடிக்கப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.